கழுதை ஆற்றுத் தளபதி

போடிநாயக்கனூர் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் ஆறு கழுதைகள் கைதாகி நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு தகர வில்லை, வில்லையில் வழக்கு எண். ஐந்து நாளாக அவற்றுக்குப் புல் அறுத்துப் போட்டே கான்ஸ்டபிள்கள் இளைத்துப் போயிருந்தார்கள்.

“இதுகள்ல எது மொத குத்தவாளி?” என்று கேட்டான் மொக்கச்சாமி.

“அந்தா ஓரத்துல நிக்கிறவ. நேத்து ஏட்டை ஒதைச்சுப்புட்டா,” என்றாள் இருளம்மாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கழுதைகள் அவளுடையவை. அதாவது, அவள் புருஷன் ஒச்சப்பனுடையவை. ராசிங்காபுரத்து ஒச்சப்பன் போடிக் கடைகளிலிருந்து மலையடிவாரத்துக்குப் பொதி ஏற்றிப் போகிறவன். அவனும் இதே கட்டடத்தில்தான் இருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம். சர்க்காருக்கு எதிராகப் படை திரட்டி, அந்நிய நாட்டுக் கான்சல் மாளிகையைத் தாக்கினான் என்பது குற்றச்சாட்டு.

முந்தின நாள் சாயங்காலம் துப்பறியும் சுந்தரராஜைத் தேடி வந்த இருளம்மாள் அதிகம் பேசவில்லை. “எங்க வீட்டுக்காரரு எங்க போயி யாரோட சண்டை போட்டாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கய்யா. எங்கிட்டயே சண்டை போடத் தெரியாத மனுசன்,” என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே சுந்தரராஜ் வழக்கை எடுத்துக்கொண்டுவிட்டார்.

சுந்தரராஜ் மதுரைத் தபாலாபீசில், விலாசம் புரியாத கடிதங்களைப் பிரிக்கும் அறையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவர். ‘தெப்பக்குளம் பக்கம், சிவத்த மாமாவுக்கு’ என்று மட்டும் எழுதிய கார்டைக்கூடச் சரியான மாமாவிடம் சேர்த்தவர். மேலதிகாரி ஒருவர் வேறொரு பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை, கையெழுத்தைக் கண்டுபிடித்து, அதிகாரியின் மனைவியிடமே பத்திரமாகச் சேர்ப்பித்ததில் அந்த உத்தியோகம் போயிற்று. மொக்கச்சாமி குரங்கணிக்கு மேலே தேயிலைப் பெட்டி இறக்கும் கம்பிவடத்தில் வேலை பார்த்தவன். கங்காணியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியதில் அவனுக்கும் வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. மூன்று வருஷமாக அந்த வாய் சுந்தரராஜுக்கு உதவியாளாக இருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணுச்சாமி உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு தடித்த காகிதக் கட்டு. அதைக் கையால் தொடக்கூடப் பயந்தவர்போல ஒரு தடியால் தள்ளினார்.

“பாத்துக்கங்க. ஓமத்துரை தன் ராஜாவுக்கு எழுதினாரு. ராஜா லண்டனுக்கு எழுதினாரு. லண்டன்ல இருந்து டில்லிக்கு, டில்லில இருந்து மெட்ராசுக்கு, மெட்ராசுல இருந்து மதுரைக்கு, மதுரையில இருந்து எனக்கு. எனக்குக் கீழ எழுதறதுக்குத்தான் ஆளு இல்ல.”

ஓமத்துரையின் நிஜப் பெயர் ஹோல்ம். ஏலக்காய் விற்கும் ஊருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் ஓமம் ஆகிவிட்டது. பனி கொட்டும் வடக்கு மூலையில் இருக்கும் கார்வேனியா என்ற சின்ன நாட்டுக்காரர். அந்த நாட்டில் ரொட்டிக்கு ஏலக்காய் போடாமல் கல்யாணம் நடக்காதாம். அதனால் ஏலக்காய் விளைகிற இடத்தில் தங்கள் வியாபாரத்தையும் தங்கள் ஆட்களையும் பார்த்துக்கொள்ள அந்த ராஜா ஒரு கான்சலைக் குரங்கணியில் உட்கார்த்தி வைத்திருந்தார். எட்டு வருஷத்தில் கார்வேனியாக்காரர் ஒரே ஒருவர்தான் அந்தப் பக்கம் வந்தார். அவரும் வழி தவறி வந்தவர்.

சுந்தரராஜ் காகிதத்தைப் படித்தார். ‘குரங்கணிக் கலவரப் பிரதேசம் பற்றிய ரகசிய அறிக்கை’ என்று தலைப்பு. மொக்கச்சாமிக்காக இங்கிலீஷைத் தமிழாக்கி உரக்கவே படித்தார்.

“சென்ற வருஷம் ஆவணி மூணாந்தேதி. தேவாரத்தருகே பெரும்படை ஒன்று காட்டிலிருந்து இறங்கி, வேலிகளைப் பிடுங்கி எறிந்து, கரும்புத் தோட்டங்களைச் சூறையாடி, பொழுது விடியுமுன் பின்வாங்கியது. படையின் தலைவனுக்கு ஒற்றைக்கொம்பன் என்று பெயர்.”

“ஆனையில்லையாண்ணே அது?”

“மார்கழி ஒன்பதாந்தேதி. கறுத்த முகமுடைய கலகக்காரர்கள் நாற்பது பேர் கான்சல் மாளிகையின் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பெயர்த்து எறிந்தனர். கான்சலின் மூக்குக் கண்ணாடி கைப்பற்றப்பட்டது.”

“கொரங்கு.”

“பங்குனி பதினாறாந்தேதி. இருநூறு பெண்கள் தலையில் பானை சுமந்து, பானைகளில் பச்சை நிறமான ஏதோ மர்மப் பொருளுடன், நாக்கைச் சுழற்றிப் போர்க்கூச்சல் எழுப்பியபடி மாளிகையைக் கடந்தனர்.”

“முளைப்பாரி,” என்றாள் இருளம்மாள் வாசலிலிருந்து. “நானும் அதுல போனேன். குலவை போட்டோம்.”

“வெளிய சொல்லாத ஆத்தா,” என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. “ஒன்னையும் எழுதிக்கச் சொல்லுவாங்க.”

சுந்தரராஜ் காகிதத்தை மடக்கினார். “ஐயா, உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

“தெரியாம என்ன? நானும் இந்த ஊருலதான சோறு திங்கறேன். ஆனா மேல இருந்து, குத்தவாளியப் பிடின்னு உத்தரவு. ஆனையக் கைது பண்ண முடியுமா? கொரங்கப் பிடிக்க முடியுமா? அம்புட்டுக் காகிதத்துலயும் மனுசன் பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. கடைசி வரியப் பாருங்க.”

கடைசி வரி இப்படி இருந்தது: ‘இவ்வளவுக்கும் சூத்திரதாரி ஒச்சப்பன் கழுதை ஆறு.’

“கழுதை ஆறு அவனோட மறைவிடம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கொட்டகுடி ஆறு தெரியும், வைகை தெரியும், பெரியாறு தெரியும். கழுதை ஆறு எந்த மேப்புலயும் இல்ல. வருசநாட்டுப் பக்கம் ரெண்டு பேரு, தேவாரம் பக்கம் ரெண்டு பேரு அனுப்பியிருக்கேன். ஆறு கெடைச்சா ஆயுதம் கெடைச்சிரும்.”

சுந்தரராஜ் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முற்றத்தைப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். மொக்கச்சாமிக்கு அந்தப் பழக்கம் தெரியும். விலாசம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

“ஐயா, இங்க நிக்கிறது எத்தனை கழுதை?”

“என்னத்துக்கு? ஆறு.”

“சேத்துச் சொல்லுங்க.”

“கழுதை ஆ…” என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நாலு பேரு காட்டுக்குள்ள போயி அஞ்சு நாளாச்சு,” என்றார் மெல்லிய குரலில்.

“ஓடுற ஆறு இல்லைங்க, எண்ணுற ஆறு,” என்றார் சுந்தரராஜ். “பொதிக்காரன் கையில கடையில குடுக்கற லோடு சீட்டுல இப்பிடித்தான் எழுதுவாங்க. ஆள் பேரு, எத்தனை மாடு, எத்தனை கழுதைன்னு. இந்த அறிக்கைய எழுதினவரு ஒரு சீட்டைப் பாத்து எழுத்தெழுத்தா காப்பி அடிச்சிருக்காரு. முழுசையும் ஒரு மனுசன் பேருன்னு நெனச்சுட்டாரு.”

“அதனால அவன் நல்லவன்னு ஆயிருமா? காகிதம் காகிதம்தான். இன்னிக்கு மூணு மணிக்கு, ஓமத்துரைக்கு மேல இருக்கற பெரிய கான்சல் கொழும்புல இருந்து குரங்கணி பங்களாவுக்கு வர்றாரு. கலவரப் பிரதேசத்தக் கண்ணால பாக்கணுமாம். தளபதிய அவரு முன்னால கொண்டாந்து நிறுத்திட்டு, அங்கருந்து நேரா மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோகணும். அப்புறம் கப்பலோ, அந்தமானோ, எனக்குத் தெரியாது.” இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்குள்ள எழுதின ஓமத்துரையே, நான் எழுதினது தப்புன்னு எழுதிக் குடுத்தார்னா, நான் விலங்கக் கழட்டிருவேன். சத்தியமா.”

வெளியே வந்ததும் மொக்கச்சாமி கேட்டான். “இப்ப எங்கண்ணே?”

“சீட்டு எழுதின கைக்கு.”

அந்தக் கை கிரேஸ் அக்காவினுடையது. கடைவீதியில் ஏலக்காய் மண்டியும் மளிகையும் சேர்ந்த கடை அவளுடையது. மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே பேசினாள். பேசும்போதே ஏலக்காயைத் தரம் பிரித்தாள்.

“ஆமா, நாந்தான் எழுதுவேன். ‘ஒச்சப்பன், கழுதை ஆறு.’ நடுவுல கோடு போட நேரமிருக்காது.”

“அந்தச் சீட்டு எந்தெந்த வீட்டுக்குப் போகும்?”

“எஸ்டேட்டுக்காரவுகளுக்கெல்லாம் சொந்தத்துல கோவேறு கழுதை இருக்கு. ஒச்சப்பன் ஏத்தறது ஒரு வீட்டுக்குத்தான். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கான்சல் பங்களாவுக்கு. அரிசி, சக்கரை, மண்ணெண்ணெய், டின்னு மீனு, ரெண்டு கவுளி வெத்தலை.”

“தொரை வெத்தலை போடுவாரா?”

“அவரு எங்க போடுவாரு? ஒச்சப்பனுக்குத்தான் வாங்கி வைக்கச் சொல்லுவாரு. கும்பகோணம் கொழுந்து இருந்தா அதுதான் வேணும்பாரு.”

சுந்தரராஜ் இரண்டு சீட்டுகளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நின்று, “விரோதிக்கு யாராவது கொழுந்து வெத்தலை வாங்கி வைப்பாங்களா, அப்பு?” என்றார்.

“விஷம் தடவிக் குடுக்கலாம்ண்ணே.”

“எட்டு வருஷமாவா?”

குதிரை வண்டி குரங்கணிச் சாலையில் ஏறியது. இருளம்மாளும் வந்தாள். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவளாகவே பேசினாள். “வெள்ளிக்கெழமை மட்டும் பொழுது சாஞ்சுதான் வருவாரு. ஏன்னு கேட்டா, தொரை பேசிக்கிட்டே இருந்தாரும்பாரு. என்ன பேசினாருன்னா, ஒண்ணும் புரியல, பாவம் ஒத்தை மனுசன், கேக்கறதுக்கு ஆளு வேணாமாம்பாரு.”

மொக்கச்சாமி வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

கான்சல் பங்களா என்று ஊர் சொன்னது, ஓடு போட்ட நாலு அறை. முன்னால் ஒரு கொடிமரம். அதில் நீலமும் மஞ்சளும் கலந்த கொடி மழையில் நனைந்து தொங்கியது. கூரையில் ஏழெட்டுக் கலகக்காரர்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தவர் ஒல்லியாக, உயரமாக, அறுபது வயதை நெருங்கியவராக இருந்தார். மூக்குக் கண்ணாடி இல்லாததால் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். கம்பிவடத்து ஆட்களிடமும் மலையாளத்துக் கணக்குப்பிள்ளைகளிடமும் கற்ற தமிழ் அவருடையது.

“ஒச்சப்பன் வந்நோ?” என்றார் ஓமத்துரை. பிறகு வண்டியிலிருந்து இறங்கிய மூன்று பேரையும் பார்த்து முகம் வாடினார். “இல்லா. வெள்ளியாழ்ச்ச வந்நில்லா. சொகமில்லையோ? பனியோ?”

மொக்கச்சாமி சுந்தரராஜைப் பார்த்தான். சுந்தரராஜ் துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மொக்கச்சாமி மனத்தில் ஒரு வில்லனைச் செதுக்கி வைத்திருந்தான். மீசை முறுக்கி, சுருட்டுப் பிடித்து. இந்த மனுஷர் பொதிக்காரனுக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்.

“ஒச்சப்பன் போடி ஸ்டேஷன்ல இருக்காரு, தொரை,” என்றார் சுந்தரராஜ். “அஞ்சு நாளா விலங்கு மாட்டி வச்சிருக்காங்க. இன்னிக்கு மதுரைக்கு. அப்புறம் அந்தமான்னு பேச்சு.”

“எந்தினு? ஏன்?”

சுந்தரராஜ் பையிலிருந்த லோடு சீட்டை எடுத்து, துரையின் கண்ணருகே பிடித்தார். துரை எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஒச்-சப்-பன் க-ழு-தை ஆ-று.” பிறகு சீட்டின் மேலிருந்த கண்ணை அவர் எடுக்கவே இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“கழுதை ஆறுங்கறது அவரு பேருல சேந்தது இல்ல, தொரை. ஆறு கழுதைன்னு அர்த்தம்,” என்றார் சுந்தரராஜ். “நீங்க எழுதினது கடல் தாண்டிப் போயி, வழி கேட்டுக் கேட்டு, திரும்ப இதே ஊருக்கு வந்து சேந்துருச்சு.”

துரை சொன்னது துண்டு துண்டாக வந்தது. தமிழும் மலையாளமும் இடையிடையே அவருடைய சொந்த மொழியுமாகக் கலந்து வந்தது. மொக்கச்சாமிக்குப் புரிந்தவரை விஷயம் இவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய ராஜாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. குரங்கணியில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஆபீசை மூடிவிட்டு வா. அவருக்கு நெஞ்சில் சளி. அந்த ஊர்ப் பனியில் போன இரண்டாவது மாதம் புதைத்துவிடுவார்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஒன்றும் நடக்காத இடத்துக்குக் கான்சல் வேண்டாம்; கலவரம் நடக்கிற இடத்துக்குக் கட்டாயம் வேண்டும். அதனால் தேவாரத்து யானைகளைப் பற்றி எழுதினார், யானை என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு. ராஜாங்கம் மகிழ்ந்துபோயிற்று. இன்னும் எழுது என்றது. குரங்குகளைப் பற்றி எழுதினார். பாராட்டுக் கடிதம் வந்தது. முளைப்பாரியைப் பற்றி எழுதியதும் தந்தியே வந்தது: தலைவன் யார், பெயர் அனுப்பவும்.

“ஒரு பேரு வேணம்,” என்றார் துரை. “எட்டுக் கொல்லம் இவிடே. எனக்கு அறியுந்ந பேரு ஒண்ணே ஒண்ணு.”

கூரையில் ஒரு குரங்கு ஓட்டை உருட்டியது.

“பழகின பாவத்துக்கா தொரை?” என்றாள் இருளம்மாள்.

அவர் எழுந்து உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு முழுத் தாளை எழுதினார். யானை யானைதான், குரங்கு குரங்குதான், ஒச்சப்பன் குற்றமில்லாதவன், எல்லாம் என் பொய். கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்து, கான்சல் முத்திரையையும் குத்தினார். எட்டு வருஷத்தில் அந்த முத்திரை ஓர் உண்மையின் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“முடிஞ்சுதுண்ணே,” என்றான் மொக்கச்சாமி. “வெரசா முடிச்சுட்டோம். ஊருக்குப் போயி இட்லி திங்கலாம்.”

மூன்று மணிக்குக் கொழும்புத் துரை வந்தார். நான்கு பேர் தூக்கிய நாற்காலியில், முழங்காலில் துப்பாக்கியுடன் வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர் கண்ணுச்சாமி. அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் ஒச்சப்பன். கட்டைகுட்டையான ஆள், கையில் விலங்கு, விலங்கோடு சேர்ந்து ஐந்து நாள் தாடி. அவன் முதலில் இருளம்மாளைப் பார்த்தான். அடுத்து, “கழுதைக்குத் தண்ணி காட்டுனாங்களா?” என்று கேட்டான்.

“காட்டுனாங்க. ஏட்டு ஒதை வாங்கிட்டாரு,” என்றாள் அவள்.

ஓமத்துரை ஒச்சப்பன் பக்கம் திரும்பவே இல்லை. தாளைக் கொழும்புத் துரையிடம் நீட்டினார்.

கொழும்புத் துரை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அதை நாலாக மடித்து உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். சுந்தரராஜ் கேட்டுக்கேட்டுத் தாழ்ந்த குரலில் மற்றவர்களுக்குச் சொன்னார்.

“இதை அனுப்ப முடியாதாம். இந்தப் பிரதேசத்துக்கு அவங்க நாட்டு மேப்புல செவப்பு மை அடிச்சாச்சாம். மை காஞ்சுபோச்சாம். கலவரம் யானைன்னு சொன்னா, ராஜா லண்டனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதணுமாம். அவங்க ராஜா மன்னிப்புக் கேட்ட வழக்கமே கெடையாதாம். அதோட, கலவரப் பிரதேசத்துக்குத் துணிஞ்சு போனதுக்காக இவருக்கு ஒரு பட்டம் வேற சொல்லியிருக்காங்களாம்.”

“அப்ப நான் என்ன செய்யறது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தளபதிய மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்றாரு.”

இருளம்மாளின் கை ஒச்சப்பனின் விலங்கைப் பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். உண்மையைக் கையெழுத்தும் முத்திரையுமாகக் கொண்டுவந்து கொடுத்தாகிவிட்டது. அது ஒரு சட்டைப் பைக்குள் போய்ப் படுத்துவிட்டது. சுந்தரராஜின் முகத்தை மொக்கச்சாமி பார்த்தான். விலாசம் இல்லாத கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்போல நின்றார் அவர். மொக்கச்சாமிக்கு அது தாங்கவில்லை. தாங்காதபோது அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“சண்டை நடக்கலைன்னு ஒத்துக்க அவருக்கு முடியாது. முடிஞ்சுபோச்சுன்னாவது ஒத்துக்கச் சொல்லுங்கண்ணே,” என்றான் எரிச்சலாக. “நடக்காத சண்டைய நடத்தத் தெரிஞ்சவுகளுக்கு, நடக்காத சண்டைய முடிக்கத் தெரியாதா?”

சுந்தரராஜ் மெதுவாகத் திரும்பினார். “திரும்பச் சொல்லு.”

“கேலிக்குச் சொன்னேண்ணே.”

“கேலியா இல்லாம இங்க வேற என்ன நடக்குது?” சுந்தரராஜ் கொழும்புத் துரைக்கு நேராகப் போய் நின்றார். இங்கிலீஷில் ஐந்தாறு வாக்கியம். அதில் ‘டிரீட்டி’ என்ற வார்த்தை இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது கொழும்புத் துரையின் புருவம் மேலே போயிற்று. கலவரப் பிரதேசத்தைப் பார்த்தவருக்கு ஒரு பட்டம் என்றால், கலவரத்தை அடக்கிச் சமாதான உடன்படிக்கை செய்தவருக்கு என்னென்ன கிடைக்கும் என்று அவர் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பேனா கேட்டார்.

முட்டுக்கட்டை போட்டது ஒச்சப்பன்.

“நான் ரேகை வைக்க மாட்டேன்,” என்றான்.

“வெளிய விட்டுருவாங்கப்பா,” என்றார் இன்ஸ்பெக்டர். “சண்டைய நிறுத்திக்கிட்டேன்னு ஒரு ரேகை. அம்புட்டுத்தான்.”

“போடாத சண்டைய எப்பிடி எசமான் நிறுத்தறது? ரேகை வச்சா, போட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரில்ல. நாளைக்கு ராசிங்காபுரத்துல எம் பிள்ளைகளக் கலகக்காரன் பிள்ளைகம்பான். அந்தமானுக்கே போறேன்.”

இருளம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. அவன் சொன்னது சரி என்று அவளுக்கும் பட்டது போலிருந்தது.

“ஒச்சப்பன் சொல்றது நியாயம்,” என்றார் சுந்தரராஜ். “உடன்படிக்கை ரெண்டு பாஷையில எழுதணும். இங்கிலீஷை அவரு எழுதட்டும். தமிழை நான் எழுதறேன். நீ தமிழுக்கு மட்டும் ரேகை வை.”

கொழும்புத் துரை இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினார். எழுதும்போது அவர் மார்பு விரிந்துகொண்டே போனது. சுந்தரராஜ் கால் பக்கம் எழுதி முடித்தார்.

“வாசிச்சுக் காட்டுங்கய்யா,” என்றாள் இருளம்மாள்.

அவர் வாசித்தார்.

‘கார்வேனியா ராஜாங்கத்துக்கும் ராசிங்காபுரம் ஒச்சப்பனுக்கும் எந்தக் காலத்திலும் சண்டை நடந்ததில்லை. நடக்காத அந்தச் சண்டை இன்றோடு முடிந்தது. ஒச்சப்பன் இதுவரை யாரையும் தாக்கியதில்லை. இனிமேலும் அவ்வாறே இருப்பார். தேவாரத்து யானைகளையும் குரங்கணிக் குரங்குகளையும் இந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. முளைப்பாரி வழக்கம்போல நடக்கும். பிடித்துவைத்த கழுதைகளைப் போலீசார் இன்றே ஒப்படைக்க வேண்டும்.’

“இதுக்கு வைக்கிறேன்,” என்றான் ஒச்சப்பன்.

ஆனால் கொழும்புத் துரை தமிழ்த் தாளைச் சந்தேகத்துடன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று இரண்டு பக்கம், மற்றது கால் பக்கம். இரண்டிலும் ஒரே விஷயம்தானா என்று கான்சல் ஹோல்ம் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்த துரைமார்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஓமத்துரை ஒருவர்தான்.

அவர் தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நகர்த்திப் படித்தார். உதடு அசைந்தது. முதல் வாக்கியத்தில் விரல் நின்றது. இரண்டாவதில் இன்னும் அதிக நேரம் நின்றது. அப்போதுதான் மொக்கச்சாமிக்கு ஒன்று உறைத்தது. சண்டை முடிந்தால் இது கலவரப் பிரதேசம் இல்லை. கலவரம் இல்லாத இடத்துக்குக் கான்சல் எதற்கு? இந்த மனுஷர் தாளில் படித்துக்கொண்டிருப்பது தன் ஊர்ப் பனியைத்தான்.

ஓமத்துரை நிமிர்ந்து, அன்று முதல் தடவையாக ஒச்சப்பனைப் பார்த்தார். பிறகு கொழும்புத் துரையிடம், “சேம்,” என்றார். கையெழுத்துப் போட்டார்.

ரேகை வைத்தாயிற்று. விலங்கு கழன்றது. கான்ஸ்டபிள்களில் ஒருவன், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒச்சப்பனுக்கு ஒரு சல்யூட் வைத்தான். கொழும்புத் துரை எல்லோர் கையையும் குலுக்கினார்; ஒச்சப்பனின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினார், எதிரித் தளபதிக்கு உரிய மரியாதையாக. பிறகு ஓமத்துரையின் தோளைத் தட்டி, சந்தோஷச் செய்திபோல எதையோ சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறினார். தூக்கிகள் பாதையில் இறங்கினார்கள்.

“என்னண்ணே சொல்லிட்டுப் போறாரு?” என்றான் மொக்கச்சாமி.

“இனி இங்க ஆபீசு தேவையில்லையாம். ஐப்பசிக் கப்பல்ல ஊருக்கு வந்துரலாமாம்.”

ஓமத்துரை கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒச்சப்பன் அவரிடம் போனான். மணிக்கட்டில் விலங்கு உராய்ந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

“நீங்க பேசறது ஒண்ணும் எனக்குப் புரியாது, தொரை. உக்காந்து கேட்டேன்ல,” என்றான்.

“கேட்டு,” என்றார் துரை. “நீ மாத்ரம் கேட்டு.”

“இனிமே உங்க லோடை நான் ஏத்த மாட்டேன்.”

துரை தலையசைத்தார். ஒச்சப்பன் திரும்பி வண்டியை நோக்கி நடந்தான். இருளம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். நனைந்த கொடியையும், திறந்து கிடந்த நாலு அறையையும், அதற்குள் ஒரு மூலையில் இருந்த பழைய தகரப் பெட்டிகளையும் பார்த்தாள்.

“ஏத்த மாட்டோம்,” என்றாள் துரையிடம். “போகையில சொல்லி அனுப்புங்க. பெட்டிய எறக்கித் தர்றோம்.”